சங்குக்குக் காத்து நின்றவர்

எண்பதுகளில் ஓசூர் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நின்ற அக்கா, இந்தியாவுக்காக வெளிநாட்டில் நூறு மீட்டர் ஓடியவர். ஒட்ட வெட்டிய முடி, நெடிய கால்கள். ஜூஜுவாடி பஸ்ஸில் இடம்பிடிக்க நாங்கள் ஷிப்ட் சங்குக்கு முன்பே வாசலுக்கு நழுவிவிடுவோம். அவர் மட்டும் குதிகாலைத் தூக்கியபடி நிற்பார். சங்கு ஊதி ஓய்ந்த பிறகே நடப்பார்.

"நீங்க ஓடுனா ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தானேக்கா?"

"அங்க பந்தயத்துல துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ கெளம்பிட்டேன் கண்ணு. வெளிய அனுப்பிட்டாங்க."

ஒருநாள் கரண்ட் போய்ச் சங்கு ஊதவில்லை. கடிகாரம் பார்த்து எல்லோரும் கிளம்பினோம். மறந்த டிபன் டப்பாவுக்காக நான் திரும்பி வந்தபோது, இருண்ட ஷெட்டில் அவர் அப்படியே நின்றிருந்தார்.

"ஊதிருச்சா கண்ணு?"

"ஊதிருச்சுக்கா" என்றேன்.

அதன் பிறகுதான் குதிகால் தரையில் இறங்கியது.