அஷ்டமியில் கேபின் மலிவு

யோசனை முதலில் தோன்றியது ஒரு நாதஸ்வரக்காரர் வீட்டில்.

போன ஆனி மாதம். மாமா மகனுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரன்; அப்போதுதான் அவனுக்கு லீவு. மேளத்துக்கு அச்சாரம் கொடுக்க மாமாவோடு நானும் போயிருந்தேன். வெற்றிலை பாக்கின் மேல் பணத்தை வைத்து நீட்டியதும் நாதஸ்வரக்காரர் சிரித்தார்.

"வெவரமாத்தான் வந்திருக்கீங்க. இதையே மார்கழிக் கடைசியில வந்து கேட்டிருந்தா, நான் என்ன வெலை சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

மாமா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ பொறி தட்டிவிட்டது. மேளத்துக்கு இத்தனை மாதம் முந்தி அச்சாரம் கொடுக்கலாம் என்றால் — கப்பலுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

அப்போது இலுப்பூரில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, விசாலம் அக்கா மலேயா போவதுதான். அத்தான் ஈப்போவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மகன் பிறக்கும் முன்பே கப்பல் ஏறியவர். பிள்ளையின் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அக்காவுக்கும் குழந்தைக்கும் பெர்மிட் வந்துவிட்டது. ஆனால் மாசி முடிவதற்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும்; தவறினால் பெர்மிட் செத்துப்போகும். மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி காத்திருந்து... கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. குழந்தைக்கு மூச்சு இளைப்பு. திறந்த டெக்கில் பாயை விரித்துக்கொண்டு கடற்காற்றில் போகக் கூடாது என்று புதுக்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, கேபின் வேண்டும். தை, மாசியில் கேபின் கிடைப்பது லேசா? லீவில் வந்தவர்கள் எல்லாரும் பொங்கல் முடிந்து திரும்புகிற காலம் அது.

"இப்பவே வாங்கிடலாம்பா" என்றேன் அப்பாவிடம்.

அப்பாவுக்கு நிலக்கடலை மண்டி. விலை பேசுவதில் சூரர். "செடி பூ எடுக்குறதுக்கு முன்னாடியே கடலைக்கு வெலை பேசுறவன்டா நான். ஆனா காட்டப் பாக்காம பேசினதில்ல. நீ கப்பலையே பாக்காம பேசுறே."

"ஜமாலு பாத்திருக்கான்பா."

"அப்ப அவனையே போகச் சொல்லு."

ஜமால் என் கல்லூரித் தோழன். ஜெகதாப்பட்டினத்துக்காரன். அவன் மாமா மலேயாவில் இருப்பதால், நாகப்பட்டினத்தில் அவருடைய கைலிக் கடையை இப்போது இவன்தான் பார்த்துக்கொள்கிறான். அக்கா ஒருவழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். தஞ்சாவூர் வரை பஸ், அப்புறம் ரயில். நாகப்பட்டினத்தில் ஜமாலையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் போய் நின்றேன்.

குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாசிக் கப்பலுக்கு ஆனியிலயே வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி."

சட்டத்தையும் அவரே விளக்கினார். முன்பணம் மட்டும் கட்டினால் இடம் நமது. ஆனால் இடையில் கட்டணம் ஏறினால் ஏறியதையும் நாமே கட்ட வேண்டும். முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிட்டால் ஏற்றம் நம்மைத் தொடாது. விடுவேனா? முழுதாகக் கட்டினேன். கீழ்த்தட்டில், நான்கு பெண்கள் படுக்கும் கேபினில் ஒரு படுக்கை. இன்ஜினுக்குப் பக்கம்தான். ஆனால் நாலு பக்கமும் சுவர் உண்டே. பஞ்சாங்கத்தையும் பார்த்து வைத்திருந்தேன்: வளர்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் புறப்பாடு, சனிக்கிழமை கப்பல். அப்பாகூட வாய் திறக்க முடியாத நாள்.

கார்த்திகையில் கட்டணம் ஏறியது. நான் இலுப்பூர்க் கடைத்தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தை பிறந்ததும் கேபின் அத்தனையும் தீர்ந்தது. ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நிற்கும் தரகர்கள், வாங்கி வைத்த கேபினை நாற்பது ரூபாய் கூட வைத்து விற்கிறார்கள் என்று ஜமால் கார்டு போட்டான். இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சுபாவம் தெரியும். அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் ஏஜென்ட் ஆபீசிலிருந்து தந்தி வந்தது.

புறப்பாட்டுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. சென்னையில் சரக்கு ஏற்றத் தாமதமாம். கப்பல் சனிக்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை.

அப்பா தந்தியைப் படிக்கச் சொன்னார். அப்புறம் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அப்புறம் மூடினார்.

"திங்கக்கெழம அஷ்டமி. செவ்வா நவமி. அஷ்டமியில வீட்ட விட்டு, நவமியில கடல்ல கால் வைக்கிறதா? கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு? வேணாம் ஆத்தா. டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு அடுத்த கப்பலப் பாப்போம்."

"அடுத்த கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள மாசி முடிஞ்சிருமேப்பா" என்றேன்.

"முடியட்டும். வேற பெர்மிட் வாங்கிக்கலாம். பிள்ளைய வேற வாங்க முடியுமா?"

நாளைக்கே கிளம்பி நாகப்பட்டினத்தில் தங்கிவிடலாம் என்றேன். இளைப்புக்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு கடற்கரைச் சத்திரத்தில் நாலு நாளா என்று அம்மாவே மறுத்துவிட்டாள். கோள்கள் எங்கே, கப்பல் எங்கே என்று காலேஜில் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். அப்பா காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஆனி மாதமே எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்திருந்தேன். கப்பலுக்கும் நாள் மாறும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அக்கா அதுவரை குழந்தையின் துணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவும் இல்லை.

"ஏம்ப்பா, திருச்சிக் கோர்ட்டுக்கு வாய்தா வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்?"

"வாய்தா நாளு நமக்காக மாறுமா? அது கெட்ட நாளா இருந்தா, அதுக்கு முன்ன ஒரு நல்ல நாள்ல குடையக் கொண்டுபோய் ஊருக்கு வெளிய ஒரு எடத்துல வச்சிட்டு வருவீங்கல்ல?"

பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். போகிறவருடைய பொருள் ஒன்று நல்ல நேரத்தில் புறப்பட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், போகிறவரே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாளில் போனாலும் குற்றமில்லை.

அப்பா கொஞ்சம் தடுமாறினார். "கோர்ட்டும் கடலும் ஒண்ணா?"

"கேஸுல தோத்துட்டுத்தான் வந்தீங்க. அன்னிக்கிக் குடையவா குத்தம் சொன்னீங்க?"

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கி நல்ல நேரத்துல இந்தப் பொட்டி ஜமால் கடைக்குக் கெளம்பட்டும்பா. பொட்டிக்குள்ள என் டிக்கெட்டும் இருக்கு. அது போனா நான் போன மாதிரிதான். நீங்க சொல்லிக் குடுத்த வழிதானே?"

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப்போய் ஆணியில் மாட்டினார். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் 'சரி'.

மறுநாள் காலை. குறித்த நேரத்தில் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன். அப்பா உள்ளே போனார். தன் குடையோடு திரும்பி வந்து, பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார்.

"இதையும் அங்கிட்டு வச்சிரு."

"மழைக்காலம் இல்லையேப்பா."

"மழைக்கா குடுத்தேன்?" என்றார். "பிள்ளைய ஏத்திவிட நானும் வரணும்ல. எனக்கு மட்டும் அஷ்டமி இல்லியா?"

நான் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜமால் பெட்டியைக் கடைக்குள் கைலிக் கட்டுகளுக்கு நடுவே ஏற்றி வைத்தான். குடையை ஆணியில் மாட்டினான். சேதியைக் கேட்டுவிட்டு, "பொட்டி வந்திருச்சு, அக்கா வரல. எங்க மாமாவும் இப்படித்தான் மச்சான், பணத்த அனுப்பிட்டு ஆளு வரமாட்டாரு" என்றான். பிறகு, "ஒனக்கு ஒரு கூத்து காட்டுறேன் வா" என்று ஏஜென்ட் ஆபீசுக்கு இழுத்துப் போனான்.

வாசலில் தரகர்கள் நின்றார்கள். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது ரூபாய் கூடக் கேட்டவர்கள், கம்பெனி விலைக்குக் கீழேயே கேபினைக் கூவிக்கொண்டிருந்தார்கள். வாங்க ஆளில்லை. என்ன ஆயிற்று? தந்தி எங்களுக்கு மட்டுமா போனது? எங்கள் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் பஞ்சாங்கத்தைப் பிரித்திருக்கிறார்கள். அஷ்டமி, நவமி என்றதும் பதில் தந்தியிலேயே கேபின்கள் வரிசையாகத் திரும்பிவிட்டன.

"ஆனியில முழுக் காசு கட்டின ஆளு நீ" என்றான் ஜமால். "இன்னிக்கி வர்றவன் ஒன்னவிடக் கம்மியில வாங்கலாம். எப்படி இருக்கு?"

எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அந்த எரிச்சலில்தான் அடுத்த யோசனையும் பிறந்தது. நேராகக் குமாஸ்தாவிடம் போனேன்.

"மேல்தட்டுல ஜன்னல் வச்ச கேபின் காலியா இருக்குங்களா?"

"இருக்கு. வித்தியாசத்தக் கட்டினா மாத்தித் தாரேன்."

"ஆனியிலயே முழுசாக் கட்டின ஒரே ஆளு நாங்க. எல்லாரும் திருப்பிக் குடுக்கறப்ப, குடுக்காம நிக்கிறதும் நாங்க. மேல காலியாப் போற ரூமுல கைப்பிள்ளைக்காரியப் படுக்க வச்சா கப்பலுக்கு என்னங்க நட்டம்?"

"கம்பெனி வெலையக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல தம்பி."

"குறைக்க வேணாம். எடத்த மாத்துங்க."

அவர் யோசித்தார். எங்கள் கேபினில் மற்ற மூன்று பெண்களும் வரவில்லையாம். "ஒத்தப் பொம்பளைய, பிள்ளையோட, இன்ஜின் பக்கத்துல தனியா விடறது எனக்கும் சரியாப் படல" என்றவர், உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வந்து, அதே காசுக்கு மேல்தட்டு என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஜமால் கேட்டான்: "இதுக்கு இன்னிக்கி வந்து மலிவா வாங்கியிருக்கலாமே?"

இல்லை. வியாழக்கிழமை அப்பா வேண்டாம் என்றபோது அக்கா கையில் டிக்கெட் இருந்தது. அதனால்தான் பேச்சு நடந்தது. டிக்கெட் இல்லாதவள் எந்தப் பெட்டியை எங்கே அனுப்புவாள்? முன்கூட்டி வாங்கியதில் எனக்குக் காசு மிச்சமா, நட்டமா என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. அக்காவின் பயணம் மிச்சம்.

ஒன்று மட்டும் தெளிந்தது. கப்பல் கட்டணத்தை எங்கேயோ பெரிய ஆபீசில் உட்கார்ந்து நிர்ணயிக்கிறார்கள் என்றுதானே நினைத்திருக்கிறோம்? பாதிதான் அங்கே. மீதியை நிர்ணயிப்பது சுவரில் ஆணியடித்து மாட்டிய பஞ்சாங்கம்!

திங்கட்கிழமை அஷ்டமியன்று கிளம்பினோம். பஸ் நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர் அக்காவிடம், "இன்னிக்கா கெளம்புறீங்க?" என்று இழுத்தார்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. "வெள்ளிக்கெழமையே கெளம்பியாச்சு. இப்பப் பொட்டியத் தேடிப் போறேன்."

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அக்கா குழந்தையோடு படகில் உட்கார்ந்தாள். அப்பா தண்ணீரின் ஓரம் வரை போய் நின்றார். குழந்தையின் கழுத்துத் துணியைச் சரி செய்தார். சரியாக இருந்ததையே இன்னொரு முறை சரி செய்தார். "ஜன்னலத் தெறந்து வச்சுத் தூங்காத ஆத்தா" என்றார். படகு போய், கப்பலோடு ஒட்டி, திரும்பி வரும் வரை அதே இடத்தில் நின்றார்.

கடைக்கு வந்ததும் ஜமால் குடையை எடுத்து நீட்டினான். "மாமா, இந்தாங்க."

"இருக்கட்டும் மாப்ளே. ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

மறந்து சொல்கிறாரா, நினைத்துச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை. ரயிலில் தஞ்சாவூர் நெருங்கும்போது விளங்கியது. அதுவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், பார்வையைத் திருப்பாமலே கேட்டார்:

"அந்த ஜன்னல் வச்ச ரூமு... யாருமே பயணம் போகாத மாசத்துல என்ன வெலைக்குப் படியும்?"

போன வாரம் ஈப்போவிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. குழந்தைக்கு வழியில் இளைப்பு வரவே இல்லையாம். போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பயல், அத்தானை நேரில் பார்த்ததும் வீறிட்டு அழுதானாம். இப்போது அவர் மடியை விட்டு இறங்குவதில்லையாம். அப்பா கடிதத்தை என்னிடம் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

வருகிற புதன்கிழமை நாகப்பட்டினம் போகிறேன். பேரனைப் பார்க்கப் போகிறவர்களுக்கான பெர்மிட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். அப்படியே ஆடி மாதத்துக் கப்பலில், மேல்தட்டில், இரண்டு படுக்கை. புதுப் பயணம் யாரும் தொடங்காத மாதம். குமாஸ்தா என்ன விலை சொன்னாலும் பேசிக் குறைப்பேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அம்மா இப்போதே தயார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மண்டிக்காரர் அல்லவா, அவரிடம் முதலில் விலையைச் சொல்லிவிட வேண்டும். கடலைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.