கால்சைன் இல்லாத குரல்

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸைப் புதுப்பிக்க நேற்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மகள் எட்டிப் பார்த்து, அவளுடைய மலையாளத் தமிழில் கேட்டாள். "கையில ஃபோன் இருக்கில்லே அம்மா? பின்னே இது எந்தினா?"

எதற்கா? என் பெயருக்கு. வி.யு. என்றால் இந்தியா, அடுத்து ஓர் எண், அப்புறம் மூன்றெழுத்து. இந்தக் கால்சைன் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அப்பா, புருஷன், சாதி எதுவும் ஒட்டாத பெயர் எனக்கு அது ஒன்றுதான். விடுவேனா?

ஈயம் உருகும் புகை எங்காவது மூக்கில் ஏறினால் போதும், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் மோட்டார் கடைக்கு மேலிருந்த அறைக்கே போய்விடுகிறேன். மொட்டைமாடியில் நான் கட்டிய ஏரியல் கம்பியில் அம்மா பாவாடை காயப்போடுவாள். "ஏட்டி, கம்பி சும்மாதான கெடக்கு!" நிஜம்தான். பரீட்சை எழுதி, மோர்ஸ் தட்டிக் காட்டி, போலீஸ் விசாரணையும் முடிந்து மாதங்கள் போயின, லைசென்ஸ் வரவில்லை. அதுவரை கேட்கலாம், பேசக்கூடாது. பேசினால் குற்றம், லைசென்ஸே கிடைக்காமல் போகலாம். நானே ஈயம் பற்றவைத்துச் செய்த ரேடியோப் பெட்டியின் மைக்கைத் துணியால் சுற்றி வைத்திருந்தேன், என்னை நம்பாமல்.

தினமும் காலையில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். கோட்டைக்குள்ளிருந்து ஒரு பேங்க் ஆபீசர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசவிடுவார். ஒரு மழைநாளில் அவர் முடிக்கப்போன நேரம், இரைச்சலுக்கடியில் நூலாக ஒரு குரல். கால்சைன் சொல்லிவிட்டு, மலையடியில் இருக்கும் வித்துரா என்றது, மண் சரிவு என்றது, ஒருத்தர் கால் என்றது, ஃபோன் இல்லை, ஆம்புலன்ஸ் என்றது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அலை அப்படித்தான், ஒரு கூரையில் விழும், பக்கத்துக் கூரையைத் தாண்டிப் போய்விடும்.

"அப்போ முடிச்சுக்கலாமா?" என்றார் ஆபீசர்.

துணியை உருவினேன். "முடிக்காதீங்க! வித்துரால மண்ணு சரிஞ்சிருக்கு. ஒருத்தருக்குக் காலு நசுங்கிட்டாம். ஃபோன் லைனும் போச்சு. ஆம்புலன்ஸ் கேக்காரு."

"கால்சைன் சொல்லுங்கோ."

"இல்ல. இன்னும் வரல. இருந்தாத்தான் ஆளு பொழைக்கணுமா?"

கால்சைன் இல்லாதவருக்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் குற்றம். என் பெயர் பிறக்குமுன்பே செத்தது என்று நினைத்தேன். நினைத்தும் மைக்கை வைக்கவில்லை.

ஆபீசர் கனைத்தார். "எனக்கு யார் குரலும் கேக்கலை. உங்க யாருக்காவது கேட்டுதா?"

"இல்ல சாரே."

"கேட்டில்ல."

ஒவ்வொருவரும் விதிப்படி தம் கால்சைனைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னார்கள்.

"சரி. வித்துராவுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி ஃபோன் பண்றேன். என்னமோ தோணித்து."

காலோடு பிழைத்தார் அந்த ஆள். அடுத்த மாதம் லைசென்ஸ் வந்தது. முதல்முறை முறையாக அழைத்தேன். "புதுக் குரலா இருக்கே, வாங்கோ வாங்கோ" என்றார் ஆபீசர், கூசாமல்.

இன்று அந்த அலைவரிசையில் எல்ஈடி பல்புகளும் சார்ஜர்களும்தான் இரைகின்றன. நான் செய்தது குற்றம்தான். யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன், இன்னொரு தடவையும் செய்வேன். எனக்காக ‘கேட்கவில்லை’ என்று பொய் சொல்லத்தான், அன்று கேட்டவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.