இடது முன்சக்கரம்

சோல்வெய்குக்கு எண்ணும் பழக்கம் உண்டு. உருளைக்கிழங்கு நறுக்கினால் எண்ணுவாள், மாடிப்படி ஏறினால் எண்ணுவாள். எதை எண்ணினாலும் இருபதில் நிற்க வேண்டும். சில நாள் பத்தொன்பதிலேயே கை தானாக நின்றுவிடும். அன்றைக்கு அவளிடம் யாரும் வாய் கொடுக்காமல் இருப்பது நல்லது.

காருக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு ஐந்து நட்டு, ஆக இருபது. வடக்கு ஸ்வீடனில், வின்டல் ஆற்றங்கரை ஊரின் ஒரே டயர் கடையில் முப்பத்தோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அக்டோபரில் கோடை டயரைக் கழற்றிப் பனியில் வழுக்காத ஆணி டயர் மாட்ட வேண்டும், ஏப்ரலில் ஆணி டயரைக் கழற்றிக் கோடை டயர் மாட்ட வேண்டும். மாட்டி முடித்து, காரைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டையும் நூற்றுப்பத்து என்ற அளவுக்கு இறுக்க வேண்டும். அளவு வந்ததும் ரெஞ்சு உள்ளங்கையில் ‘டக்’ என்று தட்டும். அந்தத் தட்டு வந்தால் அடுத்த நட்டுக்குப் போகலாம். சொல்லிக்கொள்ளும்படியான வேலை இல்லைதான். ஆனால் சாலையில் போகிறவர்களின் உயிர் அந்தத் தட்டில் இருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஹோல்கர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் அவளிடம் டயர் மாற்றிக்கொண்டு போனார். முதல் பனி விழுந்த திங்கட்கிழமை அது. அதுவரை சோம்பிக் கிடந்த ஊர் முழுக்க அன்றைக்குத்தான் விழித்துக்கொண்டு கடை வாசலில் வரிசை கட்டியது. பன்னிரண்டு நாள் கழித்து ஏரிக்கரை வளைவில் ஹோல்கரின் இடது முன்சக்கரம் கழன்று ஓடியது. கார் பாறையில் மோதியது. நாற்பது வருஷம் அந்தச் சாலையிலேயே கடிதம் கொண்டுபோன மனிதர் அங்கேயே முடிந்துபோனார்.

போலீஸ் வந்தது. நட்டுகள் தளர்ந்திருந்தன, ஏன் என்று சொல்ல முடியாது என்றார்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாதிப் பேர் வருவதில்லை. ஹோல்கரும் வரவில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

சோல்வெய்கால் மூட முடியவில்லை. பின்சக்கரங்கள் இரண்டையும் இறுக்கியது அவளுக்கு நினைவிருக்கிறது, வலது முன்சக்கரம்கூட நினைவிருக்கிறது. அப்போது யாரோ போன் என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது, ஹோல்கர் கண்ணாடியை இறக்கிக் கை காட்டிவிட்டுப் போனதுதான். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடது முன்சக்கரத்துக்கு நினைப்பில் தினமும் ஒரு தடவையாவது போய்ப் போய் வருவாள். ஒரு நாள் ஐந்து தட்டும் தெளிவாகக் கேட்கும். மறுநாள் எதுவும் கேட்காது. கெட்டில் அணையும் ‘டக்’குக்கே நெஞ்சு திடுக்கிடும் அளவுக்கு ஆகிவிட்டது.

மனுஷி பைத்தியம் பிடிக்காமல் தப்பியது பெர்டிலால். பெர்டில் கடையின் பழைய முதலாளி. விபத்து நடந்த வருஷம் ஜூலையில், கடை நான்கு வாரம் விடுமுறைக்கு மூடியிருந்தபோது, தன் படகை ஏற்றி இழுக்கும் வண்டியின் சக்கரம் இறுக்க அவளுடைய ரெஞ்சை எடுத்துப் போனார். ரெஞ்சைத் திரும்பக் கொக்கியில் மாட்டும்போது அளவைக் குறைக்காமல் நூற்றுப்பத்திலேயே விட்டுவிட்டார். ஸ்பிரிங் உள்ள ரெஞ்சை அப்படி வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் கைப்பிடியைத் திருகி அளவை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் அலுத்துப்போய், நட்டு இறுகுவதற்கு முன்பே ‘டக்’ என்று பொய் சொல்லும். ஆகஸ்டில் அதைப் பார்த்துப் பெர்டிலை வாய்க்கு வந்தபடி திட்டியது அவளுக்கு விபத்துக்குப் பிறகு ஞாபகம் வந்தது. முழுகுகிறவள் கட்டையைப் பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்ததோடு விட்டாளா? ஹோல்கரின் மனைவி டாக்னி, “எப்படி ஆச்சு, நீயாவது சொல்லு” என்று கேட்டு அழுதபோது, பெர்டில் பேரைச் சொல்லிவிட்டாள். அதன்பின் பெர்டில் எதிரே வந்தால் டாக்னி சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். ஏன் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கடையை விற்றார், நோயில் விழுந்தார், போய்ச் சேர்ந்தார். ஊரே திரண்டுபோன அவர் அடக்கத்துக்கு இந்த இரண்டு பெண்கள் மட்டும் போகவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெஞ்சு பொய் சொல்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அதற்கென்று கருவி இருக்கிறது. பதினோரு வருஷமாக அவள் அதை ஒரு தடவைகூடச் சோதிக்க விடவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

இந்த அக்டோபரில் அந்தப் பயம் வேன் ஏறி வாசலுக்கே வந்தது. இப்போதைய முதலாளி டோபியாஸுக்கு முப்பத்தாறு வயது, நல்லவன், வாய் ஓயாதவன். எந்தக் காரில் எந்த நட்டு எவ்வளவு இறுகியது என்று காப்பீட்டுக்காரர்கள் பதிவு கேட்க ஆரம்பித்திருந்தார்கள். டிஜிட்டல் ரெஞ்சு வாங்கலாமா, பழைய மாதிரியே இன்னொன்று வாங்கலாமா என்று முடிவுசெய்யும் பொறுப்பைச் சோல்வெய்க் தலையில் கட்டினான். கருவி விற்கும் ஓவே, கடற்கரைப் பக்கமிருந்து வந்து, காப்பிக்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்தான்.

“இது அளவு வந்தா சத்தம் போடும், விளக்கெரியும், கைப்பிடி நடுங்கும். கடைசி ஆயிரம் நட்ட ஞாபகம் வேற வெச்சிருக்கும்” என்றான் ஓவே.

“என் பழைய புருஷனும் சத்தம் போடுவான், செவப்பாவான், நடுங்குவான். ஞாபகம்தான் கிடையாது” என்றாள் சோல்வெய்க்.

டோபியாஸ் காப்பியைச் சிந்தினான். “மைனஸ் இருபத்தஞ்சுல பேட்டரி தாங்குமா ஓவே? போன ஜனவரில என் போனே செத்துப்போச்சு.”

“வேல இல்லாதப்ப உள்ள வெச்சுக்கோ. பச்சக் கொழந்தையா என்ன, அழுதுடப் போவுது?”

“கையுறையோட இந்தப் பொத்தான அமுக்கிக் காட்டு பாப்போம்” என்றாள் அவள். ஓவே அமுக்கினான். மூன்று பொத்தான் சேர்ந்து அமுங்கியது. டோபியாஸ் சிரித்தான்.

“சரி, சண்ட வேணாம்” என்றான் ஓவே. “ஒன்னோட பழசக் குடு. வேன்லயே சோதிக்கிற கருவி இருக்கு, காசு வேணாம். அது சரியா இருந்தா நானே சொல்றேன், புதுசு எதுக்குன்னு.”

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டோபியாஸ் ரெஞ்சைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டான். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். அவள் பின்னாலேயே நடந்து போனாள். பொய் சொல்லு, பொய் சொல்லு என்று வழி நெடுக அந்த இரும்பிடம் மன்றாடினாள்.

ஓவே அளவை நூற்றுப்பத்தில் வைத்து இழுத்தான். ‘டக்.’ திரையில் நூற்றுப்பத்து. மறுபடி இழுத்தான். நூற்றொன்பது. மூன்றாவது, நான்காவது தடவையும் நூற்றுப்பத்து.

“அடேயப்பா!” என்றான் ஓவே. “நேத்து செஞ்சு வெச்ச மாதிரி இருக்கே!”

“எங்க கெழவியும் சரி, அவ ரெஞ்சும் சரி” என்று டோபியாஸ் அவள் முதுகில் தட்டினான்.

“ஓவே,” என்றாள் அவள். “ஒரு தடவ ஸ்பிரிங் தளந்துபோயி, அப்புறம் வருஷக்கணக்குல தானா சரியாயிருக்குமா?”

“அதெப்படி? தளந்தா தளந்ததுதான். இது என்னிக்குமே தளந்ததில்ல.”

இரண்டு ஆண்களும் அவளைப் பாராட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் பின்கட்டில், அடுக்கி வைத்திருந்த டயர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். சாலையின் அந்தப் பக்கம் போகும் டாக்னியைப் பார்த்துக்கொண்டு, கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற பெர்டிலின் முகம் வந்தது. அது போகவே இல்லை. தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“டிஜிட்டலே வாங்கு” என்றாள், வெளியே வந்ததும்.

“ஏய், பழசு தங்கமா இருக்குன்னு இப்பத்தான பாத்தோம்?” என்றான் டோபியாஸ்.

“ரெஞ்சு தங்கந்தான்டா. என்னை நம்பாத ஒண்ணு எனக்கு வேணும்.”

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு டாக்னி டயர் மாற்ற வந்தாள். எழுபத்திரண்டு வயது, ஒல்லி, நிமிர்ந்த முதுகு. பதினோரு வருஷமாகச் சோல்வெய்க் கையால் மட்டும்தான் மாற்றிக்கொள்வாள். திரும்ப இறுக்குவதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் அவள் வாசலிலேயே செய்துவிடுவான். டாக்னி அப்போது வெளியே வரமாட்டாள்.

கார் தரையில் இறங்கியதும் சோல்வெய்க் கையில் புது ரெஞ்சோடு நின்றாள். “டாக்னி, பெர்டில் மேல தப்பு இல்ல. ரெஞ்ச சோதிச்சுப் பாத்தாச்சு. அது எப்பவுமே சரியாத்தான் இருந்திருக்கு.”

“அப்ப?” என்றாள் டாக்னி.

“அந்தச் சக்கரத்த இறுக்கினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அன்னிக்கே ஞாபகம் இல்ல. பயத்துல அவரு பேரச் சொல்லிட்டேன்.”

“இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்ற?” டாக்னியின் குரல் உயரவில்லை. “வெறுக்கறதுக்கு எனக்கு ஒரு ஆளு இருந்தான். அவனும் செத்துட்டான், நிம்மதியா வெறுத்துட்டிருந்தேன். இப்ப நான் ஒன்னை வெறுக்கணும். ஒன்னை வெறுத்துட்டு டயர் மாத்த எங்க போவேன்? எண்பது கிலோமீட்டர் போவணும்.”

டாக்னி சக்கரத்தைக் காட்டினாள்.

“இறுக்கு. சத்தமா எண்ணு.”

மண்டியிட்டு எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் புது ரெஞ்சு கீச்சென்று கத்திப் பச்சை விளக்கைக் காட்டியது. அடுத்த வண்டிக்காரன் என்ன கூத்து இது என்று பார்த்தான். இருபது என்றதும் டாக்னி காரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஐம்பது கிலோமீட்டர் போய், வண்டியைத் திருப்பி, ஐம்பது வந்திருக்கிறாள். இறங்கியவளின் முகம் வெளுத்திருந்தது.

“நூறு ஆச்சு. பாரு.”

“டாக்னி, உள்ள வா, ஒரு காப்பி…”

“காப்பி கெடக்குது. விபத்துக்கு ரெண்டு நாள் முன்ன, வியாழக்கிழம, ஹோல்கர் இங்க வரத்தான் கெளம்பினாரு. தொப்பிய வெச்சுட்டு வாசல்ல நின்னாரு. பட்டாணி சூப்பு ஆறிப்போவுது, தங்கச்சி வேற வர்றா, ஒக்காருங்க, நட்டு எங்க ஓடிடப் போவுதுன்னு நாந்தான் சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “மூணு மாசம் இதையே நெனச்சு நெனச்சு செத்தேன். நீ பெர்டில் பேரச் சொன்னதுந்தான் எனக்கு உசிரு திரும்பிச்சு. இப்ப அவனும் இல்லன்னுட்ட.”

“நீ என்ன பண்ணுவ, பாதிப் பேரு வர்றதில்ல…”

“சமாதானம் வேணாம். நீ இறுக்காம விட்டிருந்தா, ஒன் கையில ஆரம்பிச்ச தப்பு. சரியா இறுக்கின நட்டும் தானா தளருமின்னா, அவர ஒக்கார வெச்ச நாந்தான் கொன்னேன். இன்னிக்கு நீ இறுக்கினத என் கண்ணால பாத்தேன். தளந்திருக்கா இல்லையா, பாத்துச் சொல்லு.”

பின்சக்கரங்களின் பத்து நட்டுக்கும் ரெஞ்சு வைத்த உடனே கத்தியது, ஒன்றும் அசையவில்லை. வலது முன்சக்கரமும் அப்படியே. சோல்வெய்க் இடது முன்சக்கரத்துக்கு வந்தாள். டாக்னி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முதல் நட்டு அசையவில்லை, இரண்டாவதும் இல்லை.

மூன்றாவது நட்டு சுற்றியது. கால் சுற்றுக்கும் குறைவுதான். பிறகு கீச்சென்று கத்திப் பச்சை காட்டியது. அளவு வந்துவிட்டது என்று சொல்லத்தான் அந்த விளக்குக்குத் தெரியும். அதற்குமுன் நட்டு நகர்ந்தது அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலை அவள் சரியாக இறுக்கிய நட்டு. எண்ணி இறுக்கிய நட்டு. அப்படியென்றால் அன்றைக்கும் அவள் இறுக்கியிருக்கலாம், ஐந்து தட்டும் உண்மையாகவே கேட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்து, தளர்ந்துதான் இருந்தது என்று சொன்னால் போதும். இன்றிரவு தூங்கலாம். மீதி இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

“அசஞ்சுதா?” என்றாள் டாக்னி.

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. ஒழுங்கா இறுக்கினது தானா தளராது.”

டாக்னி அந்த ஊர்ப் பெண்கள் ஆமாம் சொல்வது போல் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது.

“அப்ப நீதான்.”

“நாந்தான்” என்றாள் சோல்வெய்க்.