மூன்றாவது பத்து

நேற்று மாலை சிதம்பரத்தில் கரண்ட் வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதினேன். திரி கருகிய வாசனையோடு கடலூர் வீட்டின் நடு அறை என் முன் வந்து நின்றது.

கெடிலக்கரைத் தெருவில் இருந்த அந்த வீடு இப்போது இல்லை. அங்கே தினமும் ஏழு மணிக்கு மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வோம். பத்துப் பத்து மணிகளாக அதில் ஐந்து பத்துகள்; ஒவ்வொன்றையும் ஒருவர் முன்நின்று சொல்ல வேண்டும். முதலாவது அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, மூன்றாவது அக்காவுக்கு, நான்காவது எனக்கு, கடைசி தம்பிக்கு. அக்கா காதலித்தவரோடு போய்விட்ட அன்று, மூன்றாவதை அம்மா தொடங்கப் போக, அப்பா தடுத்தார்.

"அது அவளோடது. அவளே வந்து சொல்லட்டும்."

அதன்பின் தினமும் அந்தப் பத்து மணிகள் அப்பாவின் விரல்களில் சத்தமில்லாமல் நகரும். ஓட்டிடுக்கில் பல்லி கத்தும், அம்மா மூக்கை உறிஞ்சுவாள், எனக்குப் பசியும் அக்கா மேல் ஆத்திரமும் சேர்ந்து எரியும்.

ஒருநாள் அந்த மௌனத்தில் நான் கண்ணைத் திறந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே அக்கா, உதடு மட்டும் அசையத் தன் பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என்னையே பார்த்தாள். மற்றவர்கள் கண்மூடியிருந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. என் பத்தை உரக்கத் தொடங்கினேன். அக்காவின் கை கம்பியை விட்டது.

அவள் பிறகு வரவேயில்லை. அப்பா சாகும்வரை அந்தப் பத்து காத்திருந்தது.

ஊதாரி மைந்தன் உவமையைப் பூசையில் வாசிக்கும்போது, தம்பி திரும்பியதற்குக் கோபித்த மூத்தவன் வரும் இடத்தில் நான் தலை குனிந்துகொள்கிறேன்.

இன்றும் ஜெபமாலையைத் தனியாகச் சொல்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்து. மூன்றாவது பத்தில் மௌனமாகிறேன். நான்காவதைத் தொடங்கக் குரல் வருவதில்லை.