இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்

டிக்கெட் கடை வேலையில் முதலில் பாடமாக்க வேண்டியது ஊர்களின் பெயர்களை அல்ல. எந்த ஆளை எந்த ஊருக்கு அனுப்பக்கூடாது என்பதை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இந்தக் கதிரையில் வந்து குந்தினேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்து சனத்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

கிட்ட

முதல் கிழமை. லா கூர்னெவ் புறநகரில் களஞ்சியமொன்றில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் அகதிப் பயணப் புத்தகத்தை நீட்டி, "கொழும்பு" என்றார். நான் கணினியில் தட்டத் தொடங்கிவிட்டேன். முதலாளி பாய்ந்து வந்து புத்தகத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார். 'இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்' என்று பிரெஞ்சில் இருந்தது. அங்கே உயிருக்குப் பயம் என்று சொல்லி வாங்கிய புத்தகம். அங்கேயே போனால் பறிபோகும்.

அண்ணைக்கு இது தெரியாமலா? கவுண்டரில் ஆள் புதுசு, ஒருக்கால் தப்பிப் போகுமோ என்று பார்த்திருக்கிறார். சிரித்தபடியே கேட்டார்: "சரி பிள்ளை, அப்ப கிட்ட எதுவரைக்கும் விடுவீங்கள்?"

நாலு மணித்தியாலம்

கிட்ட என்றால் தனுஷ்கோடி. இந்தியாவில், ராமேஸ்வரத் தீவின் வால் நுனி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். இலங்கைக் கரையில் இருக்கும் தலைமன்னார் கூப்பிடு தூரம் என்பார்கள், பொய். ஆனாலும் அதைவிடக் கிட்ட எங்களிடம் இல்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. அதே புத்தகத்தோடு தனுஷ்கோடிக்குப் போக வந்த ஒரு மாமாவுக்குத் திரையில் முதலில் வந்த குறுக்குப் பாதையையே போட்டுவிட்டேன்: பாரிஸ், கொழும்பு, மதுரை. கொழும்பில் விமானம் மாற நாலு மணித்தியாலம். உங்களுக்கும் இப்படிக் கை முந்தியிருக்கும். அழிக்கப் போனேன். மாமா திரையைத் தன் பக்கம் திருப்பினார். "உடனை அழியாதை பிள்ளை. ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்."

வரிசை

அம்மாவிடமும் அதே புத்தகம்தான். ஒன்பது வயதில் மன்னாரில் தகப்பனோடு படகேறி, படகோட்டி நடுக்கடலில் இறக்கிவிட்ட மணல்திட்டில் ஒரு பகல் முழுக்க நின்று, மீன்படகொன்றில் தனுஷ்கோடிக்கு வந்தவ. என்னுடையது பிரெஞ்சுப் பாஸ்போர்ட். நாளைக்கே மன்னாருக்குப் போகலாம். போய்? எது எங்கள் வீடு என்று யார் காட்டுவது?

தனுஷ்கோடிக்காவது வா என்று சார்செல்லில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் நச்சரித்தேன். "பாத்து என்ன செய்யிறது?" என்றா. ஒரு சனிக்கிழமை கடையில் தலை நிமிர்ந்தால், வரிசையில் நாலாவதாக அம்மா. முன்னுக்கு வரச் சொன்னேன், அசையவில்லை. முறை வந்ததும் புத்தகத்தை வைத்தா. "கொழும்பாலை போட்டிடாதை. உன்ரை கதை லாச்சப்பல் முழுக்கத் தெரியும்."

முனை

பறவையைக் கலைக்காதே, சிப்பி பொறுக்காதே, ஐந்து மணிக்குப் பிறகு நிற்காதே என்று தனுஷ்கோடி போகும் வழியெல்லாம் பலகைகள். முழங்கால் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. புயல் தின்ற ரயில் நிலையம், கூரையில்லாத தேவாலயம். முந்தி இங்கே ரயிலால் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்களாம், ஒரே டிக்கெட்டில். ஒரே டிக்கெட்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

அம்மா இதொன்றையும் பார்க்கவில்லை. நேரே முனைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. கடல், வெயில், வேறொன்றுமில்லை. அக்கரையை ஒரு கோடாகவாவது காட்ட ஆசைப்பட்டேன், பொய் வரவில்லை. "ஒண்டும் தெரியேல்லை அம்மா" என்றேன்.

அப்போது அவவின் போன் சிணுங்கியது. இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி. அக்கரையின் சிக்னல் கடல் தாண்டி இங்கே வரை வருகிறது. காவலர் விசில் ஊதிச் சனத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா செய்தியை இரண்டு தரம் வாசித்தா. "போன் போய்ச் சேர்ந்திட்டுது. நான்தான் இஞ்சை நிக்கிறன்."

இப்போதெல்லாம் கிட்ட எதுவரைக்கும் என்று யாராவது கேட்டால், போனை நல்லாச் சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கோ என்று சொல்லித்தான் டிக்கெட்டை நீட்டுகிறேன்.