சைதுனின் உப்புத்தண்ணீர்

எங்கள் தெருவில் யாருக்காவது தொண்டை கட்டினால் முதலில் போவது சைதுன் வீட்டுக்குத்தான். டாக்டரெல்லாம் அப்புறம். அவள் அடுப்பில் எப்போதும் ஒரு பாத்திரம் உப்புத்தண்ணீர் கொதித்துக்கொண்டோ ஆறிக்கொண்டோ இருக்கும். ஒரு டம்ளர் மொண்டு கொடுத்து, "கொப்புளிச்சிட்டு வாசல்ல துப்புமா, முழுங்கிடாத" என்பாள். கால் வீங்கினால் உப்புத்தண்ணீரில் வை, புதுச் சுங்குடிப் புடவை சாயம் விட்டால் உப்புத்தண்ணீரில் முக்கு, பிள்ளைக்குக் கண்பட்டால் உப்பைச் சுற்றித் தண்ணீரில் போடு. கொஞ்சம் விட்டால் பரீட்சையில் தேறவும் அதுதான் வழி என்று சொல்லிவிடுவாள் என நான் கேலி செய்வதுண்டு. அவளுக்குக் கோபமே வராது.

ஆனால் அந்த உப்புத்தண்ணீரின் பெரிய வேலை மாவடு. சைதுனின் கணவர் ஹயாத் பாஷா இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர். இப்போது எல்லாரும் கடையில் சுருட்டி விற்கிற மெத்தையை வாங்கிப் போகிறார்கள். அதனால் பாதி வருஷம் அந்த வீட்டைத் தாங்குவது சைதுனின் ஜாடிகள்தான். முசரவாக்கத்தில் சொந்த நிலமும் சில மாமரங்களும் வைத்திருக்கிற ரேணுகாம்பாள், மாசி பங்குனியில் பிஞ்சு மாங்காயை மூட்டை கட்டி ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவாள். ஊறிய மாவடுவில் பாதி சன்னதித் தெரு வீடுகளுக்குப் போகும். மீதி கிருஷ்ணவேணியின் சைவ மெஸ்ஸுக்கு. தறியை விட்டு எழுந்து வருகிறவர்களுக்கு அங்கே தயிர்சாதமும் சைதுனின் மாவடுவும் கட்டாயம் வேண்டும்.

அதற்காக அவள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். மாவடு அண்டா முன்கட்டில் இருக்கும். கறி வேகிற அடுப்பு பின்கட்டில். அந்தக் கரண்டி இந்தப் பக்கம் வராது. யாரும் கேட்டு அவள் இப்படிச் செய்யவில்லை. "நம்பி வாங்கறாங்க" என்பாள், அவ்வளவுதான்.

உப்புக்கு மட்டும் அளவே கிடையாது. ஒரு மூட்டைக் கல் உப்பு காய்ந்திருக்கும், இன்னொன்று கசிந்திருக்கும். விரலை நனைத்து நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள், "இன்னும் ஒரு கை" என்பாள். அந்த நாக்கை நான் மலை போல நம்பியிருந்தேன். எனக்கும் தயிர்சாதம்தானே உயிர்.

ஒரு வருஷம் குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சர்க்கரையும் உப்பும் ஒன்றாகிவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார் டாக்டர். சைதுன் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்குப் போனது தெரிந்தால் மாவடு யார் வாங்குவார்கள் என்ற பயம். பக்கத்துச் சுவர்க்காரி எனக்கே தெரியாது என்றால் பாருங்கள்.

ரம்ஜான் நோன்பும் மாவடுவும் அந்த வருஷம் ஒன்றாக வந்தன. நோன்பு நேரத்தில் சமைக்கிறவர்கள் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அதில் தவறில்லை. அப்படித்தான் வருஷா வருஷம் பார்ப்பாள். இந்த முறை நுனிநாக்கால் என்ன பயன்? காலையில் இறங்கிய காயை அன்றே ஊறப் போட்டாக வேண்டும். வீட்டில் நோன்பு இல்லாத ஆள் ஒருவர்தான். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதால் ஹயாத் பாஷாவுக்கு அந்த வருஷம் நோன்பு கிடையாது. "சும்மா ஒரு சொட்டு பாருங்களேன்" என்று கரண்டியை நீட்டினாள்.

அவர் சப்புக்கொட்டி முகத்தைச் சுளித்தார். "அரே, கடல் தண்ணிபா இது! இதுக்கு மேல உப்பா?"

சைதுன் சந்தோஷமாக உப்பு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள்.

ரம்ஜான் பாதி தாண்டியிருந்தபோது கிருஷ்ணவேணி வயர் கூடையில் ஜாடியோடு வந்து நின்றாள். மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. "இன்னாக்கா இது? பல்லு படறதுக்குள்ள கொழகொழன்னு போவுது. சாப்பிட வந்தவங்க எலையில ஒதுக்கி வச்சிட்டுப் போறாங்க. இன்னொரு ஜாடி போட்டுக் குடு. அதுவும் இப்படி ஆச்சுன்னா நான் கடை பாட்டிலுக்குப் போயிடுவேன், கோச்சுக்காத." குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதுதான் சைதுனுக்கு உறைத்தது.

கிருஷ்ணவேணி தெரு திரும்பியதும் இங்கே வெடித்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன், ஒளிப்பானேன்.

"நீங்கதான கடல் தண்ணின்னு சொன்னீங்க!"

"ரெண்டு வருஷமா உப்பில்லாத கஞ்சி குடிச்ச நாக்குமா இது! வெறும் தண்ணியே எனக்குக் கரிக்குது. உன் நாக்கு எங்க போச்சு?"

சைதுன் அண்டா பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. இத்தனை நாள் ஊமையாக இதைச் சுமந்துகொண்டு எனக்குத் தொண்டைக்குத் தண்ணீர் கொடுத்தாளே என்று எனக்கும் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து ரேணுகாம்பாள் மூட்டையோடு உள்ளே வந்தாள். "இந்த வருஷத்துக்கு இதான் கடைசி மூட்டை" என்று இறக்கி வைத்தவள், அழுகைக்குக் காரணம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா அழுவுற? நாங்க வெத நெல்லு பாக்கறதுக்கு நாக்கால நக்கிக்கினா கீறோம்? தண்ணியில ஒரு முட்டைய வுடுவோம். அடியில கெடந்தா உப்பு பத்தல. மேல வந்து எட்டணாக் காசு அகலம் முதுகு காட்டுச்சின்னா போதும். அப்பால நெல்லக் கொட்டுவோம். பதரு மெதக்கும், நல்ல நெல்லு முழுவும். எல்லாம் இதே உப்புத்தண்ணிதான்மா."

ஹயாத் பாஷா முட்டைக்கு ஓடினார். ஆனால் சைதுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்டாவை மறித்து நின்றாள்.

"இதுல முட்டையா? வேணாம். சைவம்னு நம்பி வாங்கறாங்க."

"கிண்ணத்துல கொஞ்சம் தனியா எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி ஊத்திடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் ரேணுகாம்பாள்.

"எனக்குத் தெரியுமில்ல?"

எனக்கு எரிச்சலாக வந்தது. முட்டை சாப்பிடாத நானே பரவாயில்லை என்றேன். அவள் அசையவில்லை. வீட்டில் கடைசி மூட்டை காத்திருக்கிறது, மெஸ் கைவிட்டுப் போகப்போகிறது, இவள் என்னடாவென்றால் யாரும் பார்க்காத முட்டைக்காக நிற்கிறாள்.

ரேணுகாம்பாள்தான் யோசித்தாள். "முட்டை இன்னா சாமியா? வெறுந்தண்ணியில முழுவணும், உப்புல மெதக்கணும். அவ்ளோதான? வேற எதுனா தேடு."

என் காய்கறிக் கூடை வந்தது. பின்கட்டில் ஒரு பக்கெட் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டோம். கத்திரிக்காய் எடுத்த எடுப்பிலேயே மிதந்தது. எலுமிச்சை அதற்கு மேல். உருளைக்கிழங்கு மட்டும் பேசாமல் அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் ஹயாத் பாஷாவின் முட்டையும். ரேணுகாம்பாள் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தாள். முதலில் முட்டை எழுந்தது. இன்னும் உப்பு சேர்ந்தபிறகு உருளைக்கிழங்கு மெல்லப் புரண்டு மேலே வந்தது.

"நெல்லுக்கு முட்டை. ஊறுகாய்க்கு உப்பு கூடவே வேணும், அதனால உனுக்குக் கெழங்கு" என்று தீர்ப்புச் சொல்லி, பக்கெட்டைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

முன்கட்டு அண்டாவில் சைதுன் தானே புது உருளைக்கிழங்கைக் கழுவிப் போட்டாள். ஒரு கை உப்பு. கலக்கினாள். அசையவில்லை. இன்னொரு கை. எங்கள் நால்வர் தலையும் அண்டாவுக்கு மேல்தான் இருந்தது. கிழங்கு ஒரு பக்கம் தூக்கி, தயங்கி, பிறகு மேலே வந்து முதுகைக் காட்டியது. சைதுன் உருதுவில் என்னவோ சொல்லி ரேணுகாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாங்காய் உள்ளே போனது.

பெருநாள் முடிந்து சில வாரம் கழித்து கிருஷ்ணவேணி வந்தாள். சைதுன் ஜாடியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். கிருஷ்ணவேணி கடித்தாள். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் உடனே இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். சைதுன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அந்த வருஷம் முழுக்கப் பார்த்ததில்லை.

"மொத்தமும் மெஸ்ஸுக்கு அனுப்பிடுக்கா" என்று கிருஷ்ணவேணி வாய் நிறையச் சொன்னாள்.

ஹயாத் பாஷா தனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்தார். நல்ல தண்ணீரில் அலசி அரைத் துண்டு கொடுத்தாள். கடித்துவிட்டு, "கடல் தண்ணி!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

சிரித்தபடியே சைதுன் பழைய பழக்கத்தில் ஈர விரலை வாயில் வைத்தாள். உடனே அப்படியே நின்றுவிட்டாள். மறுபடியும் விரலை நனைத்தாள், கண்ணை மூடினாள்.

"கொஞ்சம் கரிக்குதுபா" என்றாள்.