லிஃப்ட்காரரின் சூப்பர் ஹீரோக்கள்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்குபவர் அவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் கிடக்கும். நடந்தால் சத்தம் வரும்.

ஆன்லைனில் எழுதியே ஆடும் சூப்பர் ஹீரோ ஆட்டம் ஒன்றைத் தொடங்க, எங்கள் ஐந்து பேரையும் மந்தைவெளி டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு ஹீரோ. அவன் செய்வதை நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை, தாயக்கட்டை உருட்டும் வீடியோவைப் போட்ட பிறகே அவர் சொல்வார்.

என் ஹீரோ பறப்பான், மறைவான் என்று அடுக்கினேன்.

“அதெல்லாம் கெடக்கட்டும் சார். அவனால இன்னா முடியாது? அத்த சொல்லுங்க.”

தண்ணீரென்றால் பயம் என்றேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

“உங்க ஹீரோ யாரு?” என்று கேட்டேன்.

“ஒருத்தன் இருந்தான். ஆட்டத்துலேருந்து தூக்கிட்டேன். நடத்துறவனுக்கும் ஒரு ஆளு இருந்தா, கட்டைய நேரா உருட்டுனாலும் கதை அவன் பக்கம் சாஞ்சிடும் சார்.”

“அவனுக்கு என்ன பவர்?”

கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்தபடி சிரித்தார். “சொன்னா உங்கள்ல ஒருத்தர் எடுத்துக்குவீங்க. அப்பால அவர் பக்கம் சாஞ்சிடுவேன்.”

ஆட்டம் தொடங்கியது. நொச்சிக்குப்பம் கடலோரச் சண்டையில் என் ஹீரோ இரண்டு முறை தோற்றுவிட்டான். எரிச்சல்தான், ஆனால் வீடியோவில் கட்டை தெளிவாகத் தெரிந்தது.

புதிதாக யாராவது சேர்ந்து தன் ஹீரோவின் பவரை எழுதும்போதெல்லாம், பதில் போட அவர் கொஞ்சம் தாமதிக்கிறாரா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.